பீட்ரூட் ரெட் வெல்வெட் கப்கேக்: சாயம் இல்லாமல், சர்க்கரையைக் குறைத்து வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

கப்கேக்கை ஆரோக்கியமாக்க வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது மைதாவில். கோதுமை மாவுக்கு மாறுவார்கள், வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போடுவார்கள், அத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் ரெட் வெல்வெட் கப்கேக்கில் பெரிய சுமை மாவில் இல்லை, மேலே பூசும் க்ரீமில் இருக்கிறது.

வழக்கமான செய்முறை ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கப்கேக்குக்கு மாவுக் கலவையில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை போகும். க்ரீம் சீஸ் பூச்சில் 250 முதல் 300 கிராம் வரை ஐசிங் சுகர் போகும். ஆக, ஒரு கப்கேக்கில் சுமார் 40 கிராம் சர்க்கரை, அதில் பாதிக்கு மேல் பூச்சில். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோதுமை மாவுக்கு மாறி, பூச்சை அப்படியே விட்டுவிட்டால் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை.

அதனால் இங்கே மூன்று வேலைகள் செய்யப்போகிறோம். பூச்சை முழுக்க மாற்றுகிறோம், மாவில் சர்க்கரையைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைக்கிறோம், செயற்கைச் சிவப்புச் சாயத்தை எடுத்துவிட்டு பீட்ரூட்டை வைக்கிறோம். முடிவில் ஒரு கப்கேக்குக்குச் சுமார் 12 கிராம் சர்க்கரைதான் வரும். இதுவும் கேக்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

சிவப்பு எங்கிருந்து வருகிறது

வெல்வெட் கேக் என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் இருந்தது. மெத்தென்று வாயில் கரையும் கேக்குக்கு அந்தப் பெயர். கண்ணைப் பறிக்கும் சிவப்பு அப்புறம் வந்து சேர்ந்தது. டெக்சாஸைச் சேர்ந்த ஆடம்ஸ் எக்ஸ்ட்ராக்ட் என்ற நிறுவனம் தன் சிவப்புச் சாயத்தை விற்பதற்காக, இந்தக் கேக்கின் செய்முறையையும் அச்சிட்டுக் கொடுத்துப் பரப்பியது. அதாவது, நாம் இன்று ‘ரெட் வெல்வெட்’ என்று அடையாளம் காணும் நிறமே சாயப் புட்டியிலிருந்து வந்ததுதான்.

நம் ஊரில் கிடைக்கும் சிவப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருப்பவை கார்மோய்சின், பொன்சோ 4ஆர் போன்றவை. அளவுக்கு உட்பட்டு இவற்றுக்கு இந்தியாவில் அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த இரண்டும் சேர்த்த உணவுகளில், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் இது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை 2010 முதல் அச்சிட்டாக வேண்டும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே, அதற்குக் காரணமான ரோடமின் பி வேறு வகை. அது உணவில் சேர்க்கவே கூடாத தொழிற்சாலைச் சாயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரு சின்னக் கேக்கில் நிறத்துக்காக மட்டும் கரண்டி கரண்டியாகச் சாயம் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பீட்ரூட்டின் நிறத்துக்குக் காரணம் பெட்டானின் என்ற நிறமி. அதற்குப் புளிப்பு பிடிக்கும், சமையல் சோடா போன்றவற்றின் காரத்தன்மையும் சூடும் பிடிக்காது. இந்தச் செய்முறை முழுவதும் அந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் நகர்கிறது. நம்பிக்கை இல்லை என்றால் அரைத்த பீட்ரூட் விழுதை இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஒரு கரண்டி வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா. எலுமிச்சை விட்டது பளிச்சென்ற சிவப்புக்குத் திரும்பும். சோடா போட்டது கண்ணெதிரே ஊதா கலந்து மங்கும். சூடு பட்டால் அது பழுப்பாகிவிடும். பீட்ரூட் போட்டுச் செய்த கேக் ஏன் சாக்லேட் கேக் மாதிரி வந்தது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்: சோடா போட்டிருப்பார்கள், பீட்ரூட்டை குக்கரில் வேக வைத்திருப்பார்கள்.

நாம் பச்சை பீட்ரூட்டை அரைக்கிறோம், தயிரும் எலுமிச்சையும் சேர்க்கிறோம், சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் மட்டும் போடுகிறோம். அப்படியும் பேக்கரியில் பார்க்கும் பளீர் சிவப்பு வராது. உள்ளே ஆழ்ந்த மெரூன் நிறம், ஓரங்களில் லேசான பழுப்பு. அது பீட்ரூட்டின் இயல்பான நிறம். எனக்கு இதுதான் அழகாகத் தெரிகிறது.

என்னென்ன வேண்டும் (12 கப்கேக்குக்கு)

முதலில் ஒரு வேண்டுகோள்: கப் அளவை நம்பாதீர்கள். ஒரு செய்முறையில் கப் என்றால் 240 மில்லி, இன்னொன்றில் 250, சிலர் வீட்டு டம்ளரையே கப் என்பார்கள். சின்ன எடை மெஷின் ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேக்குக்கு:

- கோதுமை மாவு (சப்பாத்தி மாவு) – 120 கிராம்
- மைதா – 60 கிராம்
- கோகோ பவுடர், இனிப்பு சேர்க்காதது – 10 கிராம், அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி
- பேக்கிங் பவுடர் – 2 தேக்கரண்டி, தலை தட்டி
- உப்பு – கால் தேக்கரண்டி
- தோல் சீவிய பச்சை பீட்ரூட் – 150 கிராம்
- கெட்டித் தயிர், லேசாகப் புளித்தது – 100 கிராம்
- எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி
- முட்டை – 2, ஃபிரிட்ஜ் குளிர்ச்சி போனது
- சர்க்கரை – 110 கிராம்
- சூரியகாந்தி எண்ணெய் அல்லது மணம் இல்லாத வேறு எண்ணெய் – 80 மில்லி
- வெனிலா எசென்ஸ் – 1 தேக்கரண்டி

மேல் பூச்சுக்கு:

- கொழுப்பு எடுக்காத பாலில் உறைய வைத்த கெட்டித் தயிர் – 500 கிராம்
- பொடித்த சர்க்கரை – 30 கிராம்
- வெனிலா – அரை தேக்கரண்டி

ஏன் முழுக்கக் கோதுமை மாவு இல்லை? சப்பாத்தி மாவு, கல்லில் அரைபடும்போது அதன் மாவுச்சத்து உடைந்து, மைதாவைவிட அதிகத் தண்ணீரை இழுக்கும். தவிடும் உண்டு. முழுக்க அதையே போட்டால் கேக் இறுகி, தொண்டையில் நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு கோதுமை, ஒரு பங்கு மைதா என்றால் மென்மையும் கெடாது. ஒரு கப்கேக்குக்கு 10 கிராம் கோதுமை மாவு, அதிலிருந்து சுமார் ஒரு கிராம் நார்ச்சத்து. அவ்வளவுதான், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம் போடலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். போடலாம், ஆனால் அதன் பழுப்பு நிறம் பீட்ரூட்டின் சிவப்பை அமுக்கிவிடும். உடம்புக்கும் இந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வெல்லத்தில் உள்ள தாதுச் சத்தெல்லாம் ஒரு கப்கேக்கில் சேரும் 9 கிராமுக்குக் கொஞ்சம்தான். எந்தச் சர்க்கரை என்பதைவிட எவ்வளவு சர்க்கரை என்பதுதான் கேள்வி.

கோகோ வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். அமிலத்தன்மை சீராக்கி என்று போட்டு 500 அல்லது 501 என்ற எண் இருந்தால், அது காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சு வகைக் கோகோ. நிறம் கறுப்பாகவும் சுவை மிருதுவாகவும் இருக்கும். வேறு கேக்குக்கு நல்லது, இதற்கு வேண்டாம். கோகோ மட்டுமே இருக்கும் இயற்கை வகை, வெளிர் பழுப்பாக, லேசான புளிப்போடு இருக்கும். அதை எடுங்கள்.

முதல் நாள் இரவு: தயிரைக் கட்டித் தொங்கவிடுவது

மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு வடிகட்டியின் மேல் விரித்து, தயிரைக் கொட்டி முடிச்சுப் போடுங்கள். அடியில் ஒரு பாத்திரம் வைத்து, அப்படியே ஃபிரிட்ஜில் 8 முதல் 10 மணி நேரம் விட்டுவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலுக்குத் தயிர் புளித்துப்போகும். காலையில் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, க்ரீம் சீஸ் பதத்தில் கெட்டியாக இருக்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய நன்றாக இருக்கும்.

செய்முறை

முதல் வேலை அடுப்பு. மாவைக் கலந்துவிட்டு ஓவனுக்காகக் காத்திருக்கக் கூடாது. தயிர், எலுமிச்சை இரண்டின் புளிப்பும் பேக்கிங் பவுடரோடு சேர்ந்த உடனே குமிழ் விடத் தொடங்கிவிடும். ஓடிஜி எனும் சின்ன மின் ஓவன் என்றால் மேல், கீழ் இரண்டு கம்பிகளையும் போட்டு 170 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 160 போதும். 12 குழித் தட்டில் காகிதக் கப் போட்டு வைத்துவிடுங்கள்.

பீட்ரூட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிமனாகவே சீவுங்கள். மண் வாசனை என்று சிலர் பீட்ரூட்டை ஒதுக்குவார்கள் இல்லையா, அதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மழை பெய்ததும் தரையிலிருந்து எழும் வாசனையும் அதுவேதான். தோலிலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான் அது அதிகம். புளிப்பு பட்டால் அந்த வாசனை அடங்கும் என்பதால் எலுமிச்சைக்கு இங்கே இரட்டை வேலை.

சீவியதை எடை பார்த்து, சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக நறுக்கி, தயிர், எலுமிச்சைச் சாறுடன் மிக்ஸியில் அரையுங்கள். தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். பிளேடு சுற்றாமல் சிக்கினால் அளந்து வைத்த எண்ணெயில் பாதியை ஊற்றி அரைக்கலாம். நடுவே இரண்டு முறை நிறுத்தி, ஓரங்களை வழித்துவிடுங்கள். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று எதுவும் தட்டக் கூடாது. துருவலாக நின்றால் கேக்கில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும், நிறம் பரவாது.

கோதுமை மாவு, மைதா, கோகோ, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சல்லடையில் தங்கும் தவிட்டை மறுபடி மாவிலேயே சேர்த்துவிடுங்கள்.

அகலமான பாத்திரத்தில் முட்டையையும் சர்க்கரையையும் விஸ்க்கால் மூன்று நிமிடம் நன்றாக அடியுங்கள். நிறம் வெளிறி, நுரை கூடி, விஸ்க்கைத் தூக்கினால் ரிப்பன் போல விழ வேண்டும். சர்க்கரை குறைவாக இருப்பதால் இந்தக் கேக் உப்புவதற்கு இங்கே அடைபடும் காற்று முக்கியம். இந்த மூன்று நிமிடத்தைச் சுருக்க வேண்டாம். அப்புறம் மீதி எண்ணெயைச் சன்னமான தாரையாக ஊற்றிக்கொண்டே அடியுங்கள். வெனிலா, பிறகு பீட்ரூட் விழுது. இந்தக் கட்டத்தில் கலவை அடர்ந்த ரோஜா நிறத்தில் இருக்கும். கோகோவும் மாவும் சேர்ந்ததும் மெரூனுக்கு இறங்கிவிடும்.

சலித்த மாவை இரண்டு தடவையாகச் சேர்த்து, விஸ்க்கை வைத்துவிட்டு ஸ்பேச்சுலாவால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். வெள்ளை மாவுத் திட்டு கண்ணில் படாத நொடியில் நிறுத்துங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. கோதுமை மாவைத் தொடர்ந்து கலக்கினால் சப்பாத்திக்கு வேண்டிய இழுவை வந்துவிடும், கேக்குக்கு அது ஆகாது. பதம், இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. கரண்டியிலிருந்து சொத்தென்று விழ வேண்டும், ஓடக் கூடாது.

ஒவ்வொரு கப்பிலும் 60 கிராம் அளவுக்கு, மூன்றில் இரண்டு பங்கு உயரம் நிரப்புங்கள். தட்டை மேடையில் ஒரு தடவை மட்டும் லேசாகத் தட்டிவிட்டு, ஓவனின் நடு அடுக்கில் வையுங்கள். 18 முதல் 20 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

வெந்ததா என்று பார்க்கப் பல்குத்தும் குச்சியைக் குத்துவோம். பீட்ரூட் கேக்கில் குச்சி எப்படியும் இளஞ்சிவப்புக் கறையோடுதான் வரும். கறையைப் பார்த்து வேகவில்லை என்று இன்னும் ஐந்து நிமிடம் வைத்தால் கேக் காய்ந்துவிடும், நிறமும் போகும். குச்சியில் ஈரமான மாவு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விரலால் நடுவில் லேசாக அழுத்தினால் மேலே எழும்பி வர வேண்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் தட்டில் இருக்கட்டும், பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். தட்டிலேயே விட்டால் ஆவி அடங்கி அடிக் காகிதம் நைந்துபோகும்.

மேல்தோல் பழுப்பாக இருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சூடு நேராகப் படும் இடத்தில் பெட்டானின் சிதைவது சகஜம். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே சிவப்பு இருக்கும்.

ஓவன் இல்லையென்றால்

அடிகனமான வாணலியில் ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். காகிதக் கப்பைச் சின்ன அலுமினியக் கப்புக்குள் வைத்து மாவு ஊற்றி, ஐந்தாறாக அடுக்கி மூடிவிட்டு, தீயைக் குறைத்து 22 முதல் 25 நிமிடம் விடுங்கள். மூடியின் உட்புறம் நீர் கோத்துக் கேக்கில் சொட்டாமல் இருக்க, மூடிக்கு ஒரு துணி சுற்றி முனைகளை மேலே முடிந்துவிடலாம். ஒரே நேரத்தில் 12ஐயும் சுட முடியாது என்பதால் எல்லாவற்றையும் பாதி அளவில் கலந்து இரண்டு ஈடாகச் செய்யுங்கள். கலந்த மாவு காத்திருந்தால் இரண்டாவது ஈடு அமுங்கிப்போகும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

முட்டையை விட்டுவிட்டு, தயிரை 180 கிராமாகக் கூட்டுங்கள். மாவை ஆளுக்குப் பாதியாக, கோதுமை 90, மைதா 90 கிராம் என்று மாற்றுங்கள். பீட்ரூட் விழுதில் சர்க்கரையைக் கரைத்து, எண்ணெய், வெனிலா சேர்த்து அடித்து, மாவைப் புரட்டிச் சேர்க்க வேண்டியதுதான். இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வேகும். முட்டை போட்டது அளவுக்கு உயராது, ஆனால் ஈரப்பதமாக நன்றாகவே இருக்கும்.

மேல் பூச்சு

தொங்கவிட்ட தயிரில் பொடித்த சர்க்கரையும் வெனிலாவும் சேர்த்து, கரண்டியால் வழவழப்பாகும் வரை மட்டும் கலக்குங்கள். பீட்டர் போட்டு அடித்தால் தயிர் இளகி ஓடும். 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கேக் முழுக்க ஆறிய பிறகு ஒரு மேசைக்கரண்டி வீதம் மேலே வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் பரப்புங்கள். பூப்பூவாகப் பிழிகிற அளவுக்கு இது நிற்காது. அப்படி வேண்டும் என்றால் 50 கிராம் க்ரீம் சீஸ் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த மாற்றத்தால் சுவையில் எதையும் இழப்பதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ரெட் வெல்வெட்டுக்கு க்ரீம் சீஸ் பூச்சு பழைய வழக்கமும் இல்லை. முன்பு பாலில் மாவைக் காய்ச்சி, வெண்ணெய், சர்க்கரையோடு அடித்த எர்மின் பூச்சைத்தான் போட்டார்கள். க்ரீம் சீஸில் நமக்குப் பிடித்தது அதன் லேசான புளிப்பு. அதைத் தயிர் தாராளமாகவே தருகிறது.

சரியாக வராவிட்டால்

நடுவில் குழிந்திருந்தால் ஓவன் சீக்கிரம் திறக்கப்பட்டிருக்கும் அல்லது பேக்கிங் பவுடர் பழையதாக இருக்கும். வெந்நீரில் அரைக் கரண்டி போட்டால் பொங்கி நுரைக்க வேண்டும். சும்மா கிடந்தால் புதியது வாங்குங்கள். உள்ளே களிபோல ஒட்டினால் பெரும்பாலும் பீட்ரூட் எடை கூடியிருக்கும். கண் அளவில் போடாமல், தோலைச் சீவிய பிறகு சரியாக 150 கிராம் எடை போட்டுச் சேர்க்க வேண்டும். மேலே கூம்பாக எழுந்து வெடித்திருந்தால் ஓவன் சூடு அதிகம். பல ஓடிஜிகளில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே உள்ள சூடும் ஒன்றாக இருப்பதில்லை, உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

எடுத்து வைப்பது

பீட்ரூட் ஈரம் உள்ள கேக் என்பதால் நம் ஊர்ச் சூட்டில் வெளியே ஒரு நாள்தான் தாங்கும். பூச்சு இல்லாமல் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீஸரில் ஒரு மாதம் வைக்கலாம். தயிர்ப் பூச்சைப் பரிமாறும் நேரத்தில் போடுங்கள். போட்ட பிறகு வெளியே அரை மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் பூச்சே வேண்டாம், வெறும் கேக்கே போதும்.

பிறந்தநாளுக்குச் சின்னக் குழந்தைகள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றால், மினி கப்பில் 24 ஆகச் சுடுங்கள். 11, 12 நிமிடத்தில் வெந்துவிடும், ஒன்றுக்கு 6 கிராம் சர்க்கரைதான் வரும். கூடவே பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பீட்ரூட் சாப்பிட்ட சிலருக்கு மறுநாள் சிறுநீரோ மலமோ சிவந்து போவது உண்டு. அதில் பயப்பட ஒன்றுமில்லை.